வீட்டில் வேலையா? உரிமம் உண்டா என்று கேளுங்கள்!

சொந்த ஊரை விட்டு வந்து, மும்பை போன்ற பெருநகரத்தில் பல ஆண்டுகள் பிரயாசப்பட்டு, வங்கிக் கடனும் நகை அடமானமும் சேர்த்து ஒரு சிறிய வீட்டை வாங்குகிறோம். சாவி கைக்கு வந்ததும் முதலில் செய்வது எதையாவது உடைப்பதுதான். சமையலறை மேடை பழையதாயிருக்கிறது. குளியலறை ஓடுகளில் கறை படிந்திருக்கிறது. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவிலிருக்கும் சுவரை எடுத்துவிட்டால் பிள்ளைகள் படிக்க இடம் கிடைக்கும். ஊரிலிருந்து அம்மா வந்தால் தங்குவதற்குப் பால்கனியை மூடி ஓர் அறையாக்கலாம். சால் வீடுகளிலும் குடிசைப் பகுதிகளிலும் வசிப்போருக்கு மேலே ஒரு மாடி எழுப்பவேண்டும் என்பது நெடுநாள் ஆசையாயிருக்கும்.

இந்த வேலைகளுக்கு ஆள் எப்படிக் கிடைக்கிறது? ஊர்க்காரர் ஒருவர் சொல்லுகிறார். சபையில் அறிமுகமான சகோதரர் தம் மைத்துனரை அனுப்புகிறார். அதுவும் இல்லாவிட்டால், காலை 8 மணிக்குக் கூலிக்காரர் கூடும் நாக்காவுக்குப் போய் ஒரு மிஸ்திரியை அழைத்து வருகிறோம். எத்தனை நாளில் முடியும், சதுர அடிக்கு எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்ற மூன்று கேள்விகளோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நான்காவதாக ஒரு கேள்வி உண்டு. இந்த வேலையைச் செய்ய உங்களுக்கு உரிமம் இருக்கிறதா? அதைக் கேட்பது அநேகருக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது. ஊர்க்காரரிடம் காகிதம் கேட்பதா என்ற கூச்சம்!

எந்த வேலைக்கு உரிமம் தேவை?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் நாட்டில் வீட்டு வேலைகள் எல்லாவற்றுக்கும் உரிமம் என்ற ஏற்பாடு இல்லை. தச்சர், வர்ணம் பூசுகிறவர், ஓடு பதிக்கிறவர் ஆகியோருக்குப் பொதுவாக அரசு உரிமம் எதுவும் கிடையாது. அவர்களை அவர்கள் முன்பு செய்த வேலையைப் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும். மின்சாரம், குடிநீர் இணைப்பு, கட்டடத்தின் பாரந்தாங்கும் பகுதிகள் ஆகிய மூன்றும் அப்படியல்ல. சமையல் எரிவாயுக் குழாயையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம். இந்த நான்கில் தவறு நேர்ந்தால் பணம் மட்டுமல்ல, உயிரும் போகும். ஆகையால்தான் இவற்றை யார் தொடலாம் என்று சட்டமோ மாநகராட்சியோ எரிவாயு நிறுவனமோ வரையறுத்து வைத்திருக்கிறது.

‘கான்ட்ராக்டர்’ என்று அச்சிட்ட அட்டை உரிமமாகாது. ஜி.எஸ்.டி. எண் என்பது வரி செலுத்துவதற்கான பதிவு. அதைப் பெறுவதற்கு ஒருவருக்குச் சுவர் கட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உத்யம் பதிவு என்பது சிறுதொழில் நடத்துகிறவர் தம்மைப்பற்றித் தாமே அறிவித்துப் பெறுகிற சான்று. இவையெல்லாம் இருப்பது நல்லதே. ஆனால் இவற்றைக் காட்டி ‘நான் லைசென்ஸ் உள்ளவன்’ என்று ஒருவர் சொன்னால், எந்த வேலைக்கு, யார் கொடுத்த லைசென்ஸ் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மின்சாரம்: மூன்று காகிதங்கள்

இந்திய மின்சார விதிகள், 1956-இன் 45-ஆம் விதி நம் வாசகர்களில் பலர் கேள்விப்படாத ஒன்றைச் சொன்னது. பல்பு, மின்விசிறி, பியூஸ், சுவிட்சு போன்றவற்றை, மின்னமைப்பின் கொள்ளளவும் தன்மையும் மாறாதபடி அப்படியே மாற்றிப் போடுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றபடி ஒரு நுகர்வோரின் இடத்தில் புதிய வயரிங் செய்வதோ, இருப்பதைக் கூட்டுவதோ, மாற்றுவதோ, பழுது பார்ப்பதோ, மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரைக் கொண்டே செய்யப்பட வேண்டும். அதுவும் தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளரின் நேரடிப் பார்வையில், அனுமதிச் சீட்டு பெற்ற வயர்மேனின் கையால் நடக்க வேண்டும். அந்த விதிகளுக்குப் பதிலாக 2010-லும், பின்பு 2023-லும் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் வந்தன. ஆனாலும் இந்த அடிப்படை மாறவில்லை.

ஆக, ஒப்பந்ததாரரின் உரிமம், மேற்பார்வையாளரின் சான்று, வயர்மேனின் பெர்மிட் என்று மூன்று காகிதங்கள் இருக்கின்றன. நம் வீடுகளில் வயரிங் செய்கிற பெரும்பாலானோரிடம் இவற்றில் ஒன்றுகூட இருப்பதில்லை.

‘பதினைந்து வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன், காகிதம் எதற்கு?’ என்று அவர்கள் கேட்பதுண்டு. எதற்கு என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். பழைய குடியிருப்பு ஒன்றில், விளக்குக்கும் மின்விசிறிக்கும் என்று 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுக்கப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். அது பாதுகாப்பாகத் தாங்குவது ஏறத்தாழ 15 ஆம்பியர். குடும்பம் வளருகிறது. 2,000 வாட் கீசர் ஒன்று வருகிறது; அது ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். ஒன்றரை டன் ஏ.சி. வருகிறது, அதற்கு ஏழு ஆம்பியர் போகும். வெந்நீரில் துவைக்கும் வாஷிங் மெஷின் வருகிறது. அதன் ஹீட்டருக்கு இன்னுமொரு 9 ஆம்பியர். அடுத்தடுத்து வந்த மிஸ்திரிகள் இவற்றையெல்லாம் அருகிலிருக்கும் ஏதோ ஒரு பெட்டியிலிருந்து இழுத்து, அதே பழைய கம்பியில் சேர்த்துவிடுகிறார்கள். மூன்றும் ஒருசேர ஓடும் காலைவேளையில் 25 ஆம்பியர் பாய வேண்டும். அங்கிருக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி. தடக்கென்று விழுந்துவிடுகிறது.

வீட்டம்மா மிஸ்திரிக்குப் போன் செய்கிறார். அவர் வந்து, ‘எம்.சி.பி. வீக்காகிவிட்டது, அக்கா’ என்று சொல்லி, 32 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்றைப் போட்டுவிட்டுப் போகிறார். அதற்குப் பிறகு எம்.சி.பி. விழுவதே இல்லை. குடும்பத்தாருக்கும் மகிழ்ச்சி.

நடந்தது என்ன? எம்.சி.பி. காப்பாற்றுவது முதலில் கம்பியைத்தான். கம்பி தாங்கும் அளவைவிட மின்னோட்டம் மிகும்போது துண்டிப்பதே அதன் வேலை. 32 ஆம்பியர் எம்.சி.பி., 25 ஆம்பியர் போவதைக் கண்டும் பேசாதிருக்கும். சுவருக்குள்ளிருக்கும் கம்பியோ தாளாமல் சூடேறும். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பாடம். கம்பியின் மேலிருக்கும் சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி செல்சியஸ் வரையில் தாங்கும்படி செய்யப்பட்டது. நாள்தோறும் சிறிது சிறிதாக அது கருகி, ஒருநாள் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தொடுகின்றன. மறுநாள் செய்தித்தாளில் ‘மின்கசிவால் தீ’ என்று ஒரு வரி வருகிறது.

இன்னொரு பழக்கமும் உண்டு. பழைய சால்களில் மூன்று துளைப் பிளக் இருக்கும். மூன்றாவது துளைக்குப் பின்னே எர்த் கம்பி இருக்காது. வாடிக்கையாளர் எர்த் கேட்டால், நியூட்ரல் கம்பியிலிருந்து ஒரு துண்டை எடுத்து எர்த் முனையில் முறுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் சரியாக ஓடுவதுபோல் தோன்றும். என்றைக்காவது நியூட்ரல் கம்பி எங்கேயாவது அறுந்தால், குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியிலும் வாஷிங் மெஷினின் உடலிலும் 230 வோல்ட் வந்து நிற்கும். ஈரக் கையோடு தொடுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களோ பிள்ளைகளோதான்.

30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவி இத்தகைய ஆபத்திலிருந்து உயிரைக் காப்பதற்கென்றே இருக்கிறது. ‘அடிக்கடி விழுகிறது’ என்று சொல்லி அதைக் கடந்து கம்பியை இணைத்துவிடும் மிஸ்திரியை இரண்டாம் முறை வீட்டுக்குள் விடாதீர்கள். அது அடிக்கடி விழுந்தால், வீட்டில் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள்.

உரிமம் பெற்றவர் வேலையை முடித்ததும் ‘மெகர்’ என்னும் கருவியை வைத்து 500 வோல்ட்டில் கம்பிகளின் காப்புத்தடையைச் சோதிப்பார். அது ஒரு மெகாஓமுக்குக் குறையக்கூடாது. எர்த் சோதனையும் செய்து, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டு ஒரு சோதனை அறிக்கை தருவார். அந்தக் கையெழுத்தின்கீழ் அவருடைய உரிம எண் இருக்கும். தவறு நேர்ந்தால் அந்த எண்ணைக் கொண்டு மின் ஆய்வாளர் அலுவலகத்தில் புகார் செய்யலாம். உரிமம் பறிபோகவும் கூடும். உரிமம் உள்ளவர் எல்லாரும் திறமைசாலிகள் என்று நான் சொல்லமாட்டேன். உரிமம் இல்லாத கைதேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உரிமம் உள்ளவருக்கு இழப்பதற்கு ஒன்று இருக்கிறது. மற்றவர் தம் சிம் கார்டை மாற்றினால் போதும்.

இதிலும் ஒரு தந்திரம் நடக்கிறது. வேலையை யாரோ செய்துவிட்டு, உரிமம் உள்ள ஒருவரிடம் சில நூறு ரூபாய்க்குக் கையெழுத்தை மட்டும் வாங்கிவந்து தருவார்கள். ஆகவே கையெழுத்திடுகிறவர் ஒருமுறையாவது வீட்டுக்கு வந்து பார்த்தாரா என்பதைக் கவனியுங்கள். உரிமம் காலாவதியாகும் தேதியையும் பாருங்கள். ஏ.சி., கீசர் என்று சேர்க்கும்போது, பெஸ்ட், அதானி, டாடா பவர், மகாவிதரண் ஆகியவற்றில் எது உங்களுக்கு மின்சாரம் தருகிறதோ, அதனிடம் அனுமதிக்கப்பட்ட மின்சுமையையும் உயர்த்திக்கொள்ள வேண்டும்.

சுவரை எடுக்கலாமா?

2013 செப்டம்பர் 27 அன்று, மும்பை டாக்யார்டு ரோட்டில் மாநகராட்சி ஊழியர்கள் குடியிருந்த பாபு கேனு மார்க்கெட் கட்டடம் அதிகாலையில் சரிந்தது. 61 பேர் மாண்டனர். தரைத்தளக் கிடங்கில் செய்யப்பட்ட மாற்றங்களே காரணம் என்று குற்றம் சாட்டப்பட்டது. 2017 ஜூலை 25 அன்று காட்கோபரில் சித்தி சாய் என்ற நான்கு மாடிக் குடியிருப்பு இடிந்து 17 பேர் உயிரிழந்தனர். அங்கும் தரைத்தளத்தில் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. தூண்கள் சேதப்படுத்தப்பட்டன என்பது குற்றச்சாட்டு. இரண்டு இடங்களிலும் மேல்மாடிகளில் இருந்தவர்கள் எந்தச் சுவரையும் தொடவில்லை. கீழே நடப்பது அவர்களைக் கொல்லும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவது நிகழ்ச்சி நம்மைப் போன்றோருக்கு இன்னும் நெருக்கமானது. 2021 ஜூன் 9 இரவு, மாலாடு மால்வணியின் நெருக்கமான குடியிருப்புப் பகுதியில், ஒன்றன்மேல் ஒன்றாக எழுப்பப்பட்ட வீடு பக்கத்து வீட்டின்மேல் விழுந்தது. எட்டுக் குழந்தைகள் உட்பட 12 பேர் இறந்தார்கள். வீட்டு உரிமையாளர்மீதும், அங்கே வேலை செய்த ஒப்பந்ததாரர்மீதும் காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. வேலையை வேறொருவர் செய்தார் என்பதால் உரிமையாளர் தப்பிவிடுவதில்லை என்பதை இங்கே பார்க்கிறோம். கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு முன்பிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு அதை ஐந்து ஆண்டாக உயர்த்தியிருக்கிறது.

மிஸ்திரி சுவரை இரண்டு தட்டுத் தட்டி, ‘இது வெறும் பார்ட்டிஷன், எடுத்துவிடலாம்’ என்கிறார். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவும் இருக்கலாம். தூணும் பீமும் கொண்ட கான்கிரீட் சட்டகக் கட்டடத்தில் நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் பாரம் தாங்குவதில்லை. பழைய கட்டடங்கள் பலவற்றிலோ ஒன்பது அங்குலச் சுவரே தூண். மேலேயுள்ள மாடிகளை அதுதான் தாங்கி நிற்கிறது. சில கட்டடங்களில் இரண்டு முறையும் கலந்திருக்கும். தட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கட்டட வரைபடத்தைப் பார்த்து, தேவையானால் பூச்சை நீக்கிப் பார்த்து, மாநகராட்சியில் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் உங்கள் சமையலறைக் கிரானைட்டின் விலையில் ஒரு சிறு பங்காகத்தான் இருக்கும்.

சுவரை எடுப்பதைப்போலவே புதிதாக வைப்பதும் ஆபத்தாகலாம். பத்தடி நீளம், பத்தடி உயரம், நாலரை அங்குலக் கனத்தில் ஒரு செங்கல் சுவர் எழுப்பினால், அதன் எடை ஏறக்குறைய இரண்டு டன். பூச்சு தனி. இந்த எடையைத் தளத்தின் நடுவே, கீழே பீம் இல்லாத இடத்தில் ஏற்றி வைக்கிறார்கள். சிபோரெக்ஸ் எனப்படும் இலகுக் கல்லில் கட்டினால் இதில் மூன்றில் ஒரு பங்கு எடைதான் வரும். பொறியாளர் இதைச் சொல்வார். செங்கல் லாரிக்காரரோடு கணக்கு வைத்திருக்கும் மிஸ்திரி சொல்லமாட்டார்.

பால்கனியைப்பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டின் மற்றத் தளங்களில் முக்கியமான இரும்புக் கம்பிகள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கும். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் பால்கனியில் அவை மேற்பக்கத்தில் இருக்கும். தளம் கீழே தொங்கிவிடாதபடி மேலிருந்து இழுத்துப் பிடிப்பது அந்தக் கம்பிகளே. பழைய ஓட்டைப் பெயர்க்க இயந்திரச் சுத்தியலை வைத்து ஆழமாகக் கொத்தும்போது, முதலில் அடிபடுவது அதே கம்பிதான். இதை அறியாத வேலையாள், குறுக்கே நிற்கிற கம்பியை அறுத்துவிட்டுச் சமமாகப் பூசி ஓடு பதித்துவிடுவார். மேலே பளபளப்பாயிருக்கும். பின்பு அதே பால்கனியின் நுனியில் சுவர் எழுப்பி, கண்ணாடி வைத்து, அம்மாவுக்குக் கட்டில் போடுகிறோம்.

மும்பை மாநகராட்சிச் சட்டம், 1888-இன்படி, பூச்சு, வர்ணம், ஓடு மாற்றுதல் போன்ற சாதாரணப் பழுதுவேலைகளுக்கு மாநகராட்சியின் முன்அனுமதி தேவையில்லை. தூண், பீம், தளம் ஆகியவற்றைத் தொட்டால் அனுமதி வேண்டும். ஆனால் சிறிய வேலையானாலும் ஹவுசிங் சொசைட்டிக்கு எழுதிக் கொடுத்துவிடுவதே முறை. அதே சட்டத்தின் 353பி பிரிவு, 30 ஆண்டு கடந்த கட்டடங்களுக்குக் கட்டமைப்புத் தணிக்கை செய்யவேண்டும் என்கிறது. உங்கள் கட்டடம் அந்த வயதை எட்டியிருந்தால், தணிக்கை அறிக்கையைச் சொசைட்டி செயலாளரிடம் கேட்டு வாசித்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். புதிய அடுக்குமாடியில் வாங்கியவர்களுக்கு வேறொரு கவலை உண்டு. ரெரா எனப்படும் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வீடு ஒப்படைக்கப்பட்ட ஐந்து ஆண்டுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறைகளைக் கட்டியவரே தம் செலவில் சரிசெய்ய வேண்டும். நீங்கள் ஒரு மிஸ்திரியைக் கொண்டு பீமில் துளை போட்டிருந்தால், ‘விரிசலுக்கு நீங்களே காரணம்’ என்று அவர் சொல்லிவிடுவார்.

தண்ணீரும் எரிவாயுவும்

மும்பை, டெல்லி, பெங்களூரு போன்ற நகரங்களில் குடிநீர் இணைப்பு வேலைக்கு அந்தந்த மாநகராட்சி அல்லது குடிநீர் வாரியத்தின் உரிமம் பெற்ற பிளம்பர்கள் இருக்கிறார்கள். மற்றவர்கள் இரவோடிரவாகக் கொடுக்கும் இணைப்பு சட்டவிரோதமானது. துண்டிக்கப்படும், அபராதமும் வரும். அதைவிடப் பெரிய கேடு, அத்தகைய குழாய்கள் சாக்கடை வழியாகவே இழுக்கப்படுவதுதான். குழாயில் அழுத்தம் குறையும் நேரத்தில், இணைப்பில் ஒரு சிறு இடைவெளி இருந்தாலும் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. மஞ்சள் காமாலையும் டைபாய்டும் அப்படி வீட்டுக்குள் வருகின்றன.

குளியலறைக்கு உரிமம் கிடையாது, சோதனை உண்டு. நீர்க்காப்புப் பூச்சு முடிந்து ஓடு பதிப்பதற்கு முன், வடிகாலை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, 24 மணி நேரமாவது, கூடுமானால் இரண்டு நாள், தேக்கி வைத்துக் கீழ்வீட்டுக் கூரையைப் பார்க்கவேண்டும். அவசரப்படும் மிஸ்திரி இதற்கு இடங்கொடுக்கமாட்டார். கீழ்வீட்டாரோடு பின்னால் வரும் சண்டைக்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும்.

சமையலறையைப் புதுப்பிக்கும் தச்சர் எரிவாயுக் குழாயை ‘கொஞ்சம் தள்ளி’ வைப்பதற்கு ஒருபோதும் சம்மதியாதீர்கள். அதை மாற்ற எரிவாயு நிறுவனமோ, அது அனுமதித்தவரோதான் வரவேண்டும். குழாயையும் மீட்டரையும் காற்றுப் போகாத அலமாரிக்குள் அடைப்பதும் கூடாது. குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டித்தர யார் வந்தாலும் அனுப்பிவிடுங்கள். காற்றோட்டமில்லாத சிறிய அறையில் அது கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிக்கப் போனவர் மயங்கி விழுவார். கதவோ உள்ளே தாழிட்டிருக்கும்.

பணம் கொடுக்கும் விதம்

பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்பது வழக்கமாகிவிட்டது. பொருள்களை நீங்களே வாங்கிக் கொடுத்தால், கூலிக்குப் பத்தில் ஒரு பங்கோ சற்று அதிகமோ முன்பணமாகப் போதும். மற்றதை வேலை நடக்க நடக்கப் படிப்படியாகக் கொடுக்கலாம். கம்பியின் அளவு, ஐ.எஸ்.ஐ. முத்திரை, பொருளின் பெயர், முடியும் தேதி இவையெல்லாம் ஒரு தாளில் எழுதப்பட்டு இருவரும் கையெழுத்திட வேண்டும். ஆதார் நகலையும் ஊர் முகவரியையும் வாங்கிக்கொள்ளுங்கள். நீர்க்காப்பு வேலைக்கு ஒரு பகுதிப் பணத்தை ஒரு மழைக்காலம் கழிந்தபின் தருவதாக முன்னதாகவே பேசிக்கொள்வது மும்பையில் புத்திசாலித்தனம்.

ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது வாங்காதவர்களுக்குச் சட்டம் அதிகம் உதவ முடியாது. வங்கி வழியாகவோ யு.பி.ஐ. மூலமாகவோ கொடுத்திருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்கீழ் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை ஐந்து இலட்சம் ரூபாய் வரையில் இருந்தால் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் ஆலோசனை கேட்கலாம். ஆனால் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் தெரியாமல் யார்மீது வழக்குத் தொடுப்பது? ‘ராஜூ மிஸ்திரி’ என்று செல்பேசியில் பதிந்து வைத்திருப்பது முகவரியாகாது.

நம்முடைய ஆட்கள் என்றால்

ஊர்க்காரர், உறவினர், ஒரே சபையைச் சேர்ந்தவர் என்ற நம்பிக்கை நல்லதுதான். பிழைக்க வந்த ஊரில் ஒருவருக்கொருவர் வேலை கொடுக்காவிட்டால் வேறு யார் கொடுப்பார்? ஆனால் ஒருவர் நேர்மையானவர் என்பதும், அவருக்கு மின்சாரம் தெரியும் என்பதும் இரண்டு வேறு காரியங்கள். நல்ல மனிதர் இழுத்த கம்பியும் அளவு தவறினால் சூடேறத்தான் செய்யும். கேட்பதற்குக் கூச்சமாயிருந்தால், ‘தம்பி, சொசைட்டியில் கேட்கிறார்கள், உங்கள் லைசென்ஸ் நகல் ஒன்று கொடுங்கள்’ என்று சொல்லுங்கள். பெரும்பாலான சொசைட்டிகளில் அது உண்மையும்கூட. இல்லை என்று அவர் சொன்னால் முகத்தை முறிக்க வேண்டியதில்லை. மற்ற வேலைகளை அவரிடம் கொடுத்துவிட்டு, வயரிங்கை மட்டும் உரிமம் உள்ளவரின்கீழ் செய்யச் சொல்லலாம். இரண்டு பேரும் பிழைப்பார்கள்.

ஐந்தாம் மாடிச் சன்னலுக்கு வெளியே, இடுப்பில் கயிறுகூட இல்லாமல், ஏ.சி. பெட்டியை மாட்டிக்கொண்டிருக்கும் பையனையும் நினைத்துப் பாருங்கள். அவனும் எங்கோ ஓர் ஊரிலிருந்து பிழைக்க வந்தவன். பாதுகாப்புப் பட்டை இல்லாமல் வெளியே இறங்கக்கூடாது என்று சொல்லுவதற்கு, வீட்டுக்காரரான உங்களுக்கு உரிமை இருக்கிறது. குறைந்த விலைக்கு ஒத்துக்கொண்ட ஒப்பந்ததாரர் முதலில் மிச்சம் பிடிப்பது அந்தப் பட்டையின் விலையைத்தான்.

இதை வாசிக்கிறவர்களில் வயரிங் வேலையே செய்து குடும்பம் நடத்துகிற சகோதரர்களும் இருப்பீர்கள். உங்கள் அனுபவத்தைக் காகிதமாக்க வழி இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் அல்லது வயர்மேன் பிரிவில் படித்தவர்கள், அந்தந்த மாநில மின் உரிம வாரியத்தில் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கலாம். படிக்காமல் அனுபவத்தால் கற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்தப்படுகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வேலை செய்கிற மாநில அரசு கொடுத்த, அல்லது அது ஏற்றுக்கொண்ட பெர்மிட்டே செல்லும் என்பது விதி. தமிழ்நாட்டுச் சான்றிதழைப் பெட்டியில் வைத்திருப்பவர்கள், மும்பையில் வேலை எடுப்பதற்கு முன் மகாராஷ்டிர மின் ஆய்வாளர் அலுவலகத்தில் அதைக் காட்டி, இங்கே அது ஏற்கப்படுமா, புதிதாகத் தேர்வு எழுத வேண்டுமா என்று எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.